ரோமாபுரியில் தண்ணீர் போன வழி

கி.மு. 19-ஆம் ஆண்டில் வெட்டிய வாய்க்கால் ஒன்று ரோம் நகரத்துக்குள் இன்றும் தண்ணீர் கொண்டுவருகிறது. பெயர் அக்வா விர்கோ. வெட்டுவித்தவர் மார்க்கஸ் அக்ரிப்பா; பேரரசர் அகஸ்டஸின் தளபதி, மருமகனும் கூட. நகரத்துக்குக் கிழக்கே உள்ள ஊற்றுகளில் தொடங்கி, இருபது கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் மண்ணுக்கு அடியிலேயே வந்து, வடக்குப் பக்கமாக ஊருக்குள் நுழைகிறது. இடையில் பேரரசு விழுந்தது, ஊரே சுருங்கிக் கிராமம் போலானது, போப்பாண்டவர்கள் வந்தார்கள், இத்தாலி என்ற நாடு பிறந்தது. வாய்க்கால் நடுவில் தூர்ந்தும் உடைந்தும் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் செப்பனிட்டிருக்கிறார்.

இந்த ஒரு வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே ரோமைச் சுற்றிவிடலாம் என்பது என் தோழியின் வாதம். அவள் குடிநீர்த் திட்டங்களில் வேலை செய்கிற சிவில் இன்ஜினியர். கன்னியாகுமரி மாவட்டத்தில் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. இப்போது நெதர்லாந்தில் இருக்கிறாள். நான் ஜெர்மனியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். நவம்பரில் விமானக் கட்டணம் இறங்கும், கூட்டமும் குறையும் என்று ஒரு வாரயிறுதியைப் பிடித்தோம். கட்டணம் இறங்கியது உண்மை. ரோமில் கூட்டம் எந்த மாதத்திலும் குறைவதில்லை.

வெள்ளி இரவு தெர்மினி ரயில் நிலையத்தில் இறங்கி, விடுதியில் பையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்ததும் அவள் முதலில் போய் நின்றது ஒரு குழாயடியில். இடுப்புயர வார்ப்பிரும்புத் தூண், அதிலிருந்து வளைந்து நீளும் மூக்கு, அதிலிருந்து நிற்காமல் கொட்டும் தண்ணீர். நசோனே என்கிறார்கள், பெரிய மூக்கன் என்று பொருள். 1874-இல் நகர நிர்வாகம் வைக்கத் தொடங்கியது. இன்று சுமார் 2,500 இருக்கின்றன. திருகும் இல்லை, கைப்பிடியும் இல்லை. மூக்கின் மேல்வளைவில் ஒரு சின்னத் துளை உண்டு. கீழ்வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாக மேலே எழும்பும். குனிந்து வாய்வைத்துக் குடிக்க வேண்டியதில்லை. அவள் அடைத்துக் காட்டினாள். என் கழுத்துத் துணி நனைந்தது. தண்ணீர் பல் கூசும் அளவுக்குக் குளிர்ச்சி, பானைத் தண்ணீரின் ருசி.

இப்படி இரவு பகலாகக் கொட்டுகிறதே, வீண்தானே என்றேன். அவளுக்கும் அதில் முழுச் சமாதானம் இல்லை. குழாய்களில் தண்ணீர் தேங்கிக் கெடாமல் இருக்க ஓட்டம் உதவும் என்பார்கள், ஆனால் 2017 கோடை வறட்சியில் இந்தக் குழாய்களைப் படிப்படியாக மூட உத்தரவு வந்தபோது ஊரே இரண்டு பட்டுச் சண்டை போட்டது என்றாள். அவள் கட்சி எது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பாட்டிலை நிரப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை விடியும் முன்பே டிரெவி நீரூற்று. இது மட்டும் என் பிடிவாதம். பத்து மணிக்குப் போனால் தண்ணீர் தெரியாது, கைப்பேசிகள்தான் தெரியும் என்று படித்திருந்தேன். இருட்டு விலகாத நேரத்திலும் ஒரு கல்யாண ஜோடி புகைப்படக்காரரோடு நின்றுகொண்டிருந்தது. மணப்பெண் குளிரில் நடுங்கியபடி சிரித்தாள். 26 மீட்டர் உயரம், 49 மீட்டர் அகலம். ஒரு மாளிகையின் முதுகு முழுவதையும் பாறையும் குதிரையும் கடல் தெய்வமுமாக மாற்றியிருக்கிறார்கள். நிக்கோலா சால்வி 1732-இல் தொடங்கினார், முடிவதற்குள் 1751-இல் காலமானார், 1762-இல் வேறொருவர் முடித்து வைத்தார். எல்லோரும் பார்ப்பது நடுவில் நிற்கும் கடல் தெய்வத்தை. தோழி காட்டியது மேலே இரண்டு பக்கமும் உள்ள புடைப்புச் சிற்பங்களை. இடது பக்கம் அக்ரிப்பா, இங்கே தண்ணீர் கொண்டுவரும் விர்கோ வாய்க்காலின் வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் தருகிறார். வலது பக்கம் ஒரு கன்னிப் பெண், தாகத்தோடு வந்த போர்வீரர்களுக்கு ஊற்று இருக்கும் இடத்தைக் காட்டுகிறாள். விர்கோ என்றால் கன்னி; வாய்க்காலின் பெயர் அந்தப் பெண்ணால் வந்தது என்பது கதை.

"பிளானை அப்ரூவல் செய்கிற காட்சியைச் சிலையாக வடித்த ஊர் வேறு எதுவும் எனக்குத் தெரியாது" என்றாள் தோழி. அவள் குரலில் ஏக்கம் இருந்தது.

வலது ஓரத்தில், பாறையின் மேல், இத்தாலியச் சீட்டுக்கட்டில் வரும் கோப்பையின் வடிவத்தில் ஒரு பெரிய கல்ஜாடி பொருத்தமில்லாமல் நிற்கிறது. எதிரே கடை வைத்திருந்த நாவிதர் ஒருவர் வேலையைத் தினமும் குறை சொன்னாராம். அவர் கண்ணை மறைக்கத்தான் சால்வி அதை வைத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். நம்பினாலும் நம்பாவிட்டாலும், ஜாடி அங்கே நிற்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை. நாங்களும் காசு போட்டோம். ஆண்டுக்குப் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் சேர்கிற அந்தச் சில்லறை, ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது.

கடைகள் திறந்ததும் அவள் என்னை ஒரு பல்பொருள் அங்காடிக்கு இழுத்துப் போனாள். டிரிட்டோனே தெருவில் உள்ள ரினாஷென்தே. கைப்பை வாங்கப் போகிறாள் என்று ஒரு கணம் நம்பினேன். நகரும் படியில் கீழே இறங்கினோம். நிலவறையில், வீட்டுப் பொருள்கள் அடுக்கிய தளத்தை ஒட்டி, அக்வா விர்கோவின் வளைவுகள் சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு வரிசையாக நிற்கின்றன. கட்டடம் கட்டத் தோண்டியபோது வெளிப்பட்டவை. மூடிவிடாமல் அப்படியே வைத்துக் கடை கட்டியிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. அன்று அங்கே எங்களைத் தவிர, மனைவி மேலே துணி வாங்கும்வரை உட்கார இடம் தேடிவந்த ஒரு பெரியவர் மட்டும் இருந்தார்.

அங்கேதான் அவள் கணக்குச் சொன்னாள். ஊற்றிலிருந்து ஊர் நடுவரை மொத்த இறக்கம் ஏறக்குறைய நான்கு மீட்டர். இருபது கிலோமீட்டர் தூரத்துக்கு நான்கு மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு இருபது சென்டிமீட்டர். "நம் வீட்டுக் குளியலறையில் நாலடி தரைக்கு வாட்டம் சரியாக எடுக்கத் தெரியாமல் மூலையில் தண்ணீர் தேங்குகிறது. இவர்கள் மரச்சட்டத்தையும் தூக்குக்குண்டையும் வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள்." கொத்தனார்கள் மேல் அவளுக்கு எப்போதுமே ஒரு கோபம் உண்டு, அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் எண் மலைப்பாகத்தான் இருக்கிறது.

இறக்கம் இவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு விளைவு உண்டு, அதை ஸ்பானியப் படிக்கட்டுகளின் அடியில் பார்க்கலாம். அங்கே பாதி மூழ்கிய படகு வடிவில் ஒரு நீரூற்று: பார்க்காச்சா. 1627-க்கும் 1629-க்கும் இடையில் பியெத்ரோ பெர்னினி செய்தது, புகழ்பெற்ற சிற்பி பெர்னினியின் தந்தை. விர்கோவின் தண்ணீர் அந்த இடத்தில் உயர எழும்பாது, அழுத்தம் போதாது. பீறிட்டு அடிக்கும் நீரூற்று வைக்க வழியில்லை. அதனால் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்து, ஓட்டைப் படகிலிருந்து நீர் கசிந்து வழிவதுபோல் செய்துவிட்டார். குறையையே அழகாக்கிய வேலை. பின்னால் ஏறும் படிக்கட்டு அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு கழித்து வந்தது. அந்தப் படிகளில் 2019 முதல் உட்காரக் கூடாது, அபராதம். கால் வலிக்கு யாரோ உட்கார்ந்தார்கள், விசில் சத்தம் கேட்டது, எழுந்தார்கள். ரோமின் தெருக்கள் முழுக்கக் கறுப்புச் சதுரக் கற்கள் பாவியவை, மழை பெய்தால் வழுக்கும், வெயிலடித்தால் பாதத்தைப் பதம் பார்க்கும். உட்கார இடம் தராத ஊரில் செருப்புதான் முக்கியம்.

மழை பதினோரு மணிக்குப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் குடை வாங்க ஓடியபோது தோழி முகம் மலர்ந்தாள். "பாந்தியோனுக்கு ஓடு, மழை நிற்பதற்குள்."

பாந்தியோனின் நெற்றியில் அக்ரிப்பாவின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. அவர் கட்டிய கோயில் எரிந்துபோனது. இன்று நிற்பது ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126-ஐ ஒட்டி முடித்தது. பழைய பெயரை மாற்றாமல் விட்டிருக்கிறார் பேரரசர். திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் வருவதற்காகவே திட்டம் போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது விசித்திரமாக இருந்தது. இதை ஒட்டித்தான் அக்ரிப்பாவின் பொதுக் குளியல் மண்டபங்கள் இருந்தன. விர்கோ முதலில் வந்ததே அவற்றுக்காகத்தான்.

உள்ளே போக நாங்கள் போனபோது 5 யூரோ. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே 43.3 மீட்டர். இரும்புக் கம்பி இல்லாமல் வார்த்த கான்கிரீட் குவிமாடங்களில் இன்றுவரை இதுதான் பெரியது. அடியில் கனமான கல்லைக் கலந்து, மேலே போகப் போக எடை குறைத்து, உச்சியை ஒட்டி நுரைக்கல்லைச் சேர்த்திருக்கிறார்கள். உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு, கண்ணாடி கிடையாது. மழை அதன் வழியே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கம்பி போல் நேராக அல்ல. மேலிருந்து வரும்போதே காற்றில் சிதறி, பாதி வழியில் வெளிச்சத்தைப் பிடித்து, தரைக்கு வருகையில் சாரலாகிவிடுகிறது. நடுப்பகுதியைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு வழிகாட்டி, சூடான காற்று மேலே எழுவதால் இந்தத் திறப்பு வழியாக மழை உள்ளே வருவதே இல்லை என்று தன் குழுவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர் தோள்பட்டை நனைந்திருந்தது.

தோழி கீழே குனிந்தாள். தரையின் நடுப்பகுதி லேசாக மேடு. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். பளிங்கில் காசளவுத் துவாரங்கள், மொத்தம் 22. ஒரு துவாரத்தை நோக்கி மெல்லிய நீர்க்கோடு ஒன்று நகர்ந்துவருவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வளைந்து, தயங்கி, பின்னால் வந்த துளிகள் சேர்ந்ததும் வேகமெடுத்து, உள்ளே விழுந்தது. பக்கத்தில் ஓவியர் ரஃபேலின் கல்லறை. அதைப் பார்க்க மறந்துவிடாதே என்று நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

பின்புறம் சாந்தா மரியா சோப்ரா மினர்வா தேவாலயம். வாசலில் பெர்னினி வடிவமைத்த யானை, முதுகில் எகிப்தியத் தூபி, 1667-இல் நிறுத்தியது. கோயில் யானை பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்தத் தும்பிக்கை நீளம் அதிகம். ஆனால் யானைக்கு ஒரு கேலிச் சிரிப்பு இருக்கிறது, அதற்காக மன்னிக்கலாம். படம் எடுப்பவர்கள் எல்லாம் யானையோடு திரும்பிவிடுகிறார்கள். தேவாலயத்தின் முன்சுவரில் வலது மூலையில் சின்னச் சின்னக் கல்பலகைகள் பதித்திருக்கின்றன. டைபர் நதி வெள்ளம் எதுவரை வந்தது என்பதன் கணக்கு: 1422, 1495, 1530, 1598, 1870. ஒன்றில் சுட்டுவிரல் நீட்டிய ஒரு கை, இதுவரை என்று கோட்டைக் காட்டுகிறது. என் தலைக்கு மேலே பல அடி உயரத்தில் 1598-இன் பலகை. ஆற்றிலிருந்து நடந்துவந்த தூரத்தை நினைத்தேன். அந்த வெள்ளம் அடித்துக்கொண்டுபோன பாலத்தின் ஒற்றை வளைவு இன்னும் ஆற்று நடுவில் தனியாக நிற்கிறது. 1870 டிசம்பர் வெள்ளம் இத்தாலியப் படை ரோமைப் பிடித்த மூன்றாம் மாதம் வந்தது. புதிய அரசு ஆற்றின் இருகரையிலும் 1876 முதல் உயரமான மதில்கள் எழுப்பத் தொடங்கியது. அதற்குப் பின் நகரின் நடுப்பகுதி மூழ்கவில்லை. ஆனால் ஊருக்கும் ஆற்றுக்கும் இருந்த உறவும் அறுந்தது. இப்போது டைபரைப் பார்க்க மேலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பள்ளத்தில் யாருக்கும் வேண்டாததுபோல் ஓடுகிறது.

நவோனா சதுக்கத்துக்கு வரும்போது மழை விட்டிருந்தது. நடுவில் பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்று, 1651. நான்கு கண்டங்களுக்கு நான்கு ஆறுகள்: நைல், டான்யூப், ரியோ டி லா பிளாத்தா, கங்கை. நம் கங்கையைத் தேடிச் சுற்றினேன். தாடி வைத்த ஓர் ஆண், கையில் நீளமான துடுப்போடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். படகு போகத் தக்க ஆறு என்பதற்காகத் துடுப்பாம். கங்கம்மாவுக்குத் தாடியா என்று நான் சிரித்ததில் பக்கத்திலிருந்த இத்தாலியப் பாட்டியும் காரணம் தெரியாமலே சிரித்தார். நைலின் தலை துணியால் மூடியிருக்கிறது, அந்த ஆறு பிறக்கும் இடம் அப்போது தெரியாததால். எதிரே உள்ள, பெர்னினியின் போட்டியாளர் பொரோமினியின் தேவாலயத்தைப் பார்க்கச் சகிக்காமல் மூடிக்கொண்டது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தேவாலய வேலை தொடங்கியதே நீரூற்று முடிந்த மறு ஆண்டுதான். இந்த நீரூற்றுக்கும் விர்கோவின் தண்ணீரே. பதினேழாம் நூற்றாண்டு முதல் 1866 வரை, ஆகஸ்ட் மாத வாரயிறுதிகளில் வடிகாலை அடைத்துச் சதுக்கம் முழுவதையும் குளமாக்கி, அதில் வண்டி ஓட்டி விளையாடினார்களாம்.

இரவுச் சாப்பாடு ஆற்றுக்கு அப்பால் திராஸ்தெவெரேயில். கி.மு. 62-இல் கட்டிய ஃபப்ரீச்சோ பாலத்தின் மேல் நடந்து தீவுக்குப் போய், அங்கிருந்து மறுகரை. காச்சோ எ பெப்பே கேட்டோம்: பெக்கரீனோ பாலாடைக்கட்டி, பாஸ்தா வேகவைத்த தண்ணீர், மிளகு, அவ்வளவுதான். மாவுச்சத்து ஊறிய அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் பாலாடைக்கட்டி திரிந்து கட்டியாகிவிடும். மிளகு தாராளம். மறுநாள் பழைய ரோமின் மையச் சதுக்கமான ஃபோரத்தில், மாக்சென்டியஸ் மண்டபத்துக்கு அடியில், பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்த இடத்தைப் பார்த்தபோது இந்தத் தட்டுதான் ஞாபகம் வந்தது. பொன்னோடு வந்து கறியோடு திரும்பிய யவனர் மரக்கலங்களை அகநானூறு பாடுகிறது. கறி என்று அங்கே சொல்வது மிளகை. அந்தக் கறி இறங்கிய இடம் இது. இந்தியா ஆண்டுதோறும் நம் பணத்தை ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் உறிஞ்சுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார். எங்கள் பில்லைப் பார்த்தபோது கணக்கு நேராகிவிட்டதாகத் தோன்றியது. உட்கார்ந்ததற்கு ஆளுக்கு ஒரு தொகை, அடைத்த பாட்டில் தண்ணீருக்கு 3 யூரோ. வாசலில் நசோனே கொட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே பாட்டில் தண்ணீரா என்று தோழி பரிமாறியவரிடம் நியாயம் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சுற்றுலாப் பயணிகள் கொலோசியம் வரிசையில் நின்ற நேரத்தில், நாங்கள் மெட்ரோ ஏ வழித்தடத்தில் ஜூலியோ அக்ரிகோலா நிலையத்துக்குப் போனோம். 1.50 யூரோ டிக்கெட். அடுக்குமாடிக் குடியிருப்புகளைத் தாண்டினால் திடீரென்று வெட்டவெளி, புல், அதன் குறுக்கே அக்வா கிளாடியா என்ற இன்னொரு வாய்க்காலின் தொட்டிப்பாலம். கலிகுலா காலத்தில் கி.பி. 38-இல் தொடங்கி, கிளாடியஸ் காலத்தில் 52-இல் முடிந்தது. சில இடங்களில் 28 மீட்டர் உயரம். கலவையே பூசாமல் கல்லின் மேல் கல். நாய்களோடு ஓடுகிறவர்கள் அண்ணாந்தும் பார்ப்பதில்லை. தோழி ஒரு தூணில் உள்ளங்கையை வைத்து நின்றாள். மாத்தூரில் சின்ன வயதில் பாலத்தின் மேல் நடக்கும்போது கீழே பார்க்கப் பயந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு போவேன் என்றாள். அது 1966-இல் கட்டியது. வேலை இரண்டுக்கும் ஒன்றுதான், பள்ளத்தாக்கில் வாட்டம் கெடாமல் தண்ணீரைக் கடத்துவது.

கி.பி. 97-இல் ரோமின் தண்ணீர் அதிகாரியாக நியமிக்கப்பட்ட ஃப்ரோன்டினஸ் பற்றி அவள் சொன்னது அங்கேதான். பதவியேற்றதும் அளந்து பார்த்தார். வருகிற தண்ணீருக்கும் சேர்கிற தண்ணீருக்கும் பெரிய வித்தியாசம். ஆராய்ந்தால், துறையின் ஆட்களே குழாய்களில் திருட்டுத்தனமாகத் துளை போட்டுத் தண்ணீரை விற்றிருக்கிறார்கள். எப்படியெல்லாம் நடந்தது என்று எழுதியே வைத்துவிட்டார். "இந்த அறிக்கையைத் தேதியை மாற்றி நான் வேலை பார்த்த எந்த ஊரிலும் சமர்ப்பிக்கலாம்" என்றாள்.

537-இல் ரோமை முற்றுகையிட்ட கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் இந்தப் பாலங்களை வெட்டினார்கள். மலைமேல் மாவரைத்த நீராலைகள் நின்றன. நகரைக் காத்த பெலிசாரியஸ் டைபரில் படகுகளை நிறுத்தி, அவற்றில் சக்கரம் பூட்டி மாவரைத்தார். பிறகு வந்த நூற்றாண்டுகளில் தண்ணீரில்லாத மேடுகளை விட்டு ஜனங்கள் இறங்கி ஆற்று வளைவில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். சனிக்கிழமை நாங்கள் நடந்த சந்துகளெல்லாம் அப்படிப் பிழைத்த ஊர். மண்ணுக்கடியில் ஓடியதால் விர்கோ மட்டும் ஓரளவு தப்பி, அந்தத் தாழ்நிலத்துக்குக் கொஞ்சமாவது தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. பாந்தியோன், நவோனா, டிரெவி எல்லாம் ஒன்றையொன்று நடந்தே தொடும் தூரத்தில் இருப்பது ஏன் என்று எந்தச் சுற்றுலா வரைபடமும் எனக்குச் சொன்னதில்லை.

கொலோசியத்தை வெளியிலிருந்துதான் பார்த்தோம், ஃபோரத்தையும் மேலிருந்து. நீரோவின் செயற்கை ஏரியை வடித்துவிட்டு அந்தப் பள்ளத்தில் கட்டியது என்ற அளவில் கொலோசியமும் எங்கள் கணக்கில் சேரும். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறக்காது. மைக்கேலாஞ்சலோவின் கூரையைப் பார்க்காமல் ரோமிலிருந்து திரும்பியதை அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கும் அந்தக் குறை இருக்கிறது, அவளைப்போல் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதனால் விமான நிலைய ரயிலில் ஒப்பந்தம் பேசினோம். அடுத்த முறை திட்டம் என்னுடையது: வத்திக்கான், ஓவியங்கள், உட்கார்ந்து குடிக்கும் காபி. ஒத்துக்கொண்டாள். பதிலுக்கு ஒரு நாள் மட்டும் தனக்கு வேண்டுமாம், திவோலிக்குப் போக. அங்கே வில்லா டெஸ்தே தோட்டத்தில் பதினாறாம் நூற்றாண்டு நீரூற்றுகள் இருக்கின்றன; மேட்டிலிருந்து விழும் விசையிலேயே எல்லாம் ஓடுகின்றன. தண்ணீரின் வேகத்தில் தானே ஆர்கன் வாசிக்கும் நீரூற்றும் உண்டு. "ஒரு மோட்டார் பம்பு கூடக் கிடையாது, தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, ரயில் ஃபியூமிச்சினோ போய்ச் சேரும்வரை அந்த ஆர்கன் எப்படி வேலை செய்கிறது என்று படம் வரைந்து விளக்கினாள்.